உருகுவேக்காரிக்கு ஒரு விலாசம்

நான் படியேறிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் போக முடியாது. என் ஒரு கையில் பலெர்மோவின் கபோ சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்ப் பை, மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல் கட்டு. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன். மாநகரசபைப் பொலிஸின் சீருடை, கக்கத்தில் ஒரு கோப்பு, நெற்றி நிறைய வியர்வை. "புவோன்ஜோர்னோ" என்றார். நானும் சொன்னேன். மரியாதை தெரிந்த மனிதர் என்றுகூட நினைத்தேன்.

மேலே வந்தால் கதவு பூட்டியிருந்தது. சங்கிலியும் போட்டிருந்தது. என் மனைவி சறோ சங்கிலி இடைவெளியால் ஒற்றைக் கண்ணைக் காட்டினாள்.

"போயிட்டானோ?"

"ஆர்?"

"அந்தப் பொலிஸ்தான். வலேரியா இஞ்சை இருக்கிறாளோ எண்டு கேட்டவன்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

அவள் இதைப் பெருமையாகச் சொன்ன நேரத்தில் குளியலறைக்குள் வலேரியா பாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டது. வாசலில் அவளுடைய சிவப்புச் செருப்பு கிடந்தது. அந்த மனிதர் அதை மிதித்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

பைகளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் கத்தரிக்காய்கள் இறங்கி ஓடின. தெருவுக்கு வந்தபோது அவருடைய ஸ்கூட்டர் மூலை திரும்பிவிட்டது. நடுத்தெருவில் மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து மூலைக்கடை மீன்காரன், "விடு, அடுத்த பஸ் வரும்" என்று ஆறுதல் சொன்னான்.

வந்தவர் எதற்கு வந்தார்

வலேரியா உருகுவே நாட்டுக்காரி. அவளுடைய அப்பாவின் அப்பா எங்கள் இதே போர்கோ வெக்கியோவில் பிறந்து, வாலிப வயதில் கப்பலேறிப் போனவர். அந்த உறவை வைத்து அவள் இத்தாலியக் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இங்கே நின்று கேட்பதென்றால் முதலில் இங்கே குடியிருப்பவளாகப் பதிய வேண்டும். பதிந்தால், சொன்ன விலாசத்தில் உண்மையாகவே இருக்கிறாளா என்று பார்க்க மாநகரசபை தன் பொலிஸில் ஒருவரை, ஒரு விஜிலேயை, அனுப்பும். அவர் கதவைத் தட்டிக் கேட்பார். இருக்கிறாள் என்று சொன்னால் காரியம் முடிந்தது. வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி.

சறோ அந்த வாழைப்பழத்தைத் துப்பிவிட்டாள்.

விருந்தாளியாக வந்தவர்கள் இந்த நாட்டில் மூன்று மாதம்தான் நிற்கலாம். வலேரியாவுக்கு அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்ச நாளுக்குள் இந்த விலாசம் அவள் பேருக்குப் பதிவாகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அங்கே அவள் வேலையையும் விட்டாயிற்று, வீட்டையும் விட்டாயிற்று.

உருகுவேக்காரிக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் பொலித்தேயாமா பக்கத்தில் ஒரு பெரிய மாடிக்கட்டடத்துக்குப் போர்த்தியேரே, அதாவது வாசல் காவலும் எடுபிடியும். இந்தத் தொடரை ஆரம்பம் முதல் படிப்பவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் முதற்கொண்டு தெரியும். அங்கே நாலாம் மாடியில் ஒரு விதவைச் சிஞ்ஞோரா, ஏழெட்டு அறைகளில் தனியாக இருக்கிறார். வலேரியா அவருக்குத் தூரத்து உறவு. பெண் வரப்போகிறாள் என்றதும் என்னைக் கூப்பிட்டார்.

"சிவா, பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும். எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. உங்கள் ஆட்களிடம் எப்போதும் இடம் இருக்குமே."

எங்களிடம் இருப்பது இரண்டு படுக்கை அறை. ஒன்று எங்களுடையது. மற்றது மிதுலாவின் அறை. மிதுலா எங்கள் மகள். அவளும் அவள் தமையன் கஜனும் லண்டனில். இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும், பிரித்தானியக் கதவு சாத்துவதற்கு முன்பே ஓடிப் புகுந்துகொண்டவர்கள். பலெர்மோத் தமிழ்ப் பிள்ளைகளில் கனபேர் அந்த வழிதான். பதிவில் மட்டும் இருவரும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும் என்று நான் வாய் திறக்கும் போதெல்லாம், "அது கிடக்கட்டும், உங்களை என்ன செய்யுது?" என்று சறோ என் வாயை அடைத்துவிடுவாள்.

இல்லை என்ற ஒரு சொல்

சறோவில் மட்டும் பிழை சொல்ல மாட்டேன். சொல்லத்தான் ஆசை, ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

நாங்கள் முதலில் இருந்தது பல்லரோவில். கீழே மீனும் தக்காளியும் கூவி விற்கும் சத்தம், மேலே ஒரே வீட்டில் நாங்கள் ஒரு பெரிய கூட்டம். எங்களுக்குப் பெர்மெஸோ, அதாவது வதிவிட அனுமதி, இருந்தது. மற்றவர்களில் பலருக்கு இல்லை. மன்னாரில் இருந்து வந்த இரண்டு சகோதரர்கள், தீவுப்பகுதிப் பெடியன் ஒருவன், இடையில் வந்து போவோர். பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால்தான் கதவு திறக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். யார் வந்து தட்டினாலும், யார் பேரைக் கேட்டாலும், இல்லை. சறோதான் பகலில் வீட்டில் இருப்பவள், ஆகவே சட்டத்தின் காவலும் அவள்தான். அந்த விஷயத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. முகத்தில் ஒரு சுருக்கம் வராது. கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நாலு பேர் நிற்க, "நான் மட்டும்தான்" என்பாள். அவள் புண்ணியத்தில்தான் அந்தச் சகோதரர்கள் இன்றைக்குத் தங்கள் பேரில் கடை வைத்திருக்கிறார்கள்.

பிறகு எல்லோருக்கும் பத்திரம் கிடைத்தது. நாங்கள் போர்கோ வெக்கியோவுக்கு வந்தோம். சட்டம் மட்டும் எங்களோடேயே வந்துவிட்டது.

எரிவாயு கசிகிறது, கட்டடத்தில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு வந்தவனிடம், ஒருத்தரும் இல்லை என்றாள். கஜன் இங்கே இருந்த காலத்தில் அவனுக்கு வந்த பொதியைத் தபால்காரரிடம் திருப்பி அனுப்பினாள். அதற்குள் அவன் காசு கட்டி எடுப்பித்த சப்பாத்து இருந்தது. அவன் மூன்று நாள் தாயோடு கதைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்த எங்கள் ஆட்களிடமே, வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அது மட்டும் எனக்குச் சம்மதம்.

மருத்துவிச்சி சொன்ன கதை

வலேரியா மருத்துவிச்சி. தலைநகரில் இருந்து பஸ்ஸில் அரைநாள் ஓடினால் வருகிற ஓர் ஊரில், பிள்ளைப்பேற்று வார்ட்டில் வேலை பார்த்தவள். எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்து, கசப்புத் தேயிலையை உலோகக் குழலால் உறிஞ்சிக்கொண்டே கதை சொல்வாள். அவளுடைய இத்தாலியனில் பாதி ஸ்பானிஷ், என்னுடையதில் பாதி சிசிலி. எப்படியோ விளங்கும்.

"முதலில் இரவு வேலைக்கு மூன்று பேர் இருந்தோம் சிவா. பிறகு இரண்டு பேர். பிறகு வார்ட்டின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அந்தப் பக்கத்தை முதியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அந்தப் பக்கத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். தூக்குவது, துடைப்பது, எல்லாம் ஒரே வேலைதான். ஆனால் நான் படித்தது இந்தப் பக்கத்துக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உருகுவே, இலங்கையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான நிலம். கொழும்பையும் அக்கம்பக்கத்தையும் அள்ளிக்கொண்டு போய் வைத்தால் அந்த நாட்டுச் சனத்தை மிஞ்சிவிடும். மனிதரைவிட மாடு அதிகம். இப்போது பிறக்கிறவர்களைவிடச் சாகிறவர்கள் அதிகம் என்கிறாள். அவளுடைய அம்மா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிட்டார்களாம். படித்த பெடியள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள். பாண் சுடுகிறவன் வெனிசுவேலாக்காரன், மருந்துக்கடையில் நிற்பவள் கியூபாக்காரி. அவர்களும் வராவிட்டால் ஊரில் விளக்குப் போட ஆளில்லை.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள்? உலகம் நிறைந்து வழியப்போகிறது, சோறு போதாது, நிற்க இடம் இருக்காது என்று பூமிசாத்திர வாத்தியார் கரும்பலகையில் கோடு கீறி மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனார். கோடு பலகை விளிம்பில் முட்டியது. அந்தப் பயத்தில் வளர்ந்தவன் நான். இப்போது ஒருத்தி வந்து, தொட்டில்கள் சும்மா கிடக்கின்றன என்று தேயிலை குடிக்கிறாள்.

"ஏன் உங்கள் சனம் பெற்றுக்கொள்கிறார்கள் இல்லை?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"குறைந்துபோன பிள்ளைகளில் கனபேர், பதினைந்து பதினாறு வயதுப் பெட்டைகள் பெற்றிருக்க வேண்டிய பிள்ளைகள். அந்தப் பெட்டைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். முந்தி அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அதற்காக நான் அழ வேண்டுமா?"

"அது சரி. நாட்டை யார் பார்ப்பது?"

"நீங்கள் இரண்டு பிள்ளை பெற்றீர்களே, எந்த நாட்டுக்காகப் பெற்றீர்கள்?"

அடுப்படியில் நின்ற சறோ, "என்னவாம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு அன்றைக்கு முழுவதும் சாப்பாடு ருசிக்கவில்லை.

இன்னுமொரு எரிச்சல். பிள்ளை பிறக்காத ஊரில் இருந்து புறப்பட்ட மருத்துவிச்சி, உலகத்தில் வேறு இடமில்லாமல் பலெர்மோவுக்கு வந்திருக்கிறாள். இங்கே பிள்ளை பிறந்தால் கட்டட வாசலில் நீலம் அல்லது இளஞ்சிவப்பில் ரிப்பன் பூக் கட்டுவார்கள். கட்டுவது போர்த்தியேரேயின் வேலை. நான் கடைசியாகக் கட்டிய பூ எது என்று எனக்கு ஞாபகமில்லை. செத்த வீட்டுக்குக் கதவில் கறுப்புத் துணி ஒட்டுவதும் என் வேலைதான். அதற்கு ஓய்வே கிடையாது. எங்கள் கட்டடத்தில் இரண்டு தள்ளுவண்டி இருக்கிறது. இரண்டிலும் நாய். அதிலொன்றுக்குக் கண் தெரியாது, மழைக்கோட்டு மட்டும் இருக்கிறது.

ஓம் பழக்கிய கதை

பதிவு அலுவலகத்தில் போய் நின்றேன். மனைவிக்குக் கேள்வி விளங்கவில்லை என்று சொன்னேன். விளங்கியது, அதுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது? அங்கிருந்த பெண் பெருமூச்சு விட்டுவிட்டு, இன்னும் ஒரு தடவை அனுப்புவோம், எப்போது என்று சொல்ல மாட்டோம், இந்தத் தடவையும் இல்லை என்றால் மனுவைத் தள்ளிவிடுவோம் என்றாள்.

வீட்டுக்கு வந்து சறோவைக் கதிரையில் இருத்தினேன்.

"இஞ்சரும். இனி ஆர் வந்து கேட்டாலும் ஓம் எண்டு சொல்லும். இல்லை எண்ட சொல்லை மறந்துபோம்."

"ஆர் கேட்டாலுமோ?"

"ஆர் கேட்டாலும். சி. அவ்வளவுதான். சொல்லும் பாப்பம்."

"சி" என்றாள், மருந்து குடிக்கிற முகத்தோடு. வலேரியா கை தட்டினாள்.

அடுத்த கிழமை மின்சாரக் கம்பனி ஒன்றில் இருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெடியன் வந்திருக்கிறான். நீங்கள்தானா வீட்டுக்காரி? சி. இந்தச் சலுகை வேண்டுமா? சி. இங்கே ஒப்பம் வைக்கிறீர்களா? சி. எங்களுக்குத் தெரியாமலே வெளிச்சம் தருகிற கம்பனி மாறிவிட்டது. பழைய கம்பனிக்கு மூன்று தடவை டெலிபோன் எடுத்து, மூன்று தடவையும் பாட்டுக் கேட்டு, நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள் ஆர் கேட்டாலும் எண்டு" என்றாள் சறோ. அவளோடு வாதாடி வென்றவர் எவரும் இல்லை.

வலேரியாவுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அவள் வெளியில் போவதையே நிறுத்திவிட்டாள். சந்தைக்குப் போன நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பாட்டும் நின்றுவிட்டது. சறோ அவளுக்குப் பிட்டு அவித்துக் கொடுப்பாள், "தின்னு பிள்ளை, அவன் வருவான்" என்று தமிழில் சொல்லுவாள். அவளும் தமிழ் விளங்கியவள்போல் தலையாட்டிக்கொண்டு தின்பாள்.

மறுபடியும் கதவு

ஒரு காலை. நல்ல காலம், நான் வீட்டில் இருந்தேன். அதே மனிதர், அதே வியர்வை. சறோ சங்கிலியை எடுத்துக் கதவை அகலத் திறந்து, அவர் வாய் திறக்க முதலே "சி" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்தார். வலேரியா கடவுச்சீட்டோடு நின்றாள். அறையைப் பார்த்தார். கட்டில், அலுமாரி, யன்னலில் காய்கிற உடுப்பு, தேயிலைக் குழல். எல்லாம் சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கேட்டார். "இது யாருடைய அறை?"

"மகளின்ர" என்றாள் சறோ, தமிழிலும் இத்தாலியனிலுமாக.

"மகள் எங்கே படுக்கிறார்? பதிவில் நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். மகனும் மகளும் எங்கே?"

"இருக்கினம்" என்றாள் சறோ உடனே. "வேலைக்குப் போட்டினம்."

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிற வாய், அன்றைக்கு என்று பார்த்து ஒட்டிக்கொண்டது.

அந்த மனிதர் நெற்றியைத் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சறோவுக்கு வசதியாக இருந்திருக்கும், கோபத்துக்கு அவள் பழகியவள். அவர் அமைதியாகச் சொன்னார். "சிஞ்ஞோரா, போன தடவை இந்தப் பெண் இல்லை என்றீர்கள், இருக்கிறார். இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இது மகளுடைய அறை என்றால் இந்தப் பெண் விருந்தாளி. விருந்தாளியை நான் குடியிருப்பவராக எழுத முடியாது."

வலேரியாவுக்கு விளங்கிவிட்டது. "சறோ, பரவாயில்லை, விடுங்கள்" என்றாள். கடவுச்சீட்டை மூடிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சறோ அவளைப் பார்த்தாள். பிறகு அந்த மனிதரிடம், "லண்டனில்" என்றாள்.

"பிள்ளைகளா?"

"ஓம். இரண்டு பேரும்."

"எவ்வளவு காலமாக?"

சறோ விரலை மடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "கன வருசம்."

அவர் பேனையை எடுத்தார். எழுதவில்லை. அவரும் யாருக்கோ தகப்பனாக இருக்க வேண்டும். குரலைத் தணித்துக் கேட்டார். "கொஞ்ச நாளில் திரும்பி வருவார்கள் என்றால் சொல்லுங்கள். தற்காலிகமாகப் போயிருக்கிறார்கள் என்று போடலாம். பேர் இருக்கும். ஆனால் அறையும் அவர்களுடையதாகவே இருக்கும். வருவார்களா?"

இந்தக் கேள்வியை நானும் சறோவும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கேட்டதில்லை. கஜன் வீடு வாங்கியபோதும் கேட்கவில்லை. மிதுலா, தனக்குக் கலியாணம் முக்கியமில்லை, பிள்ளையும் வேண்டாம் என்று சொன்னபோதும் கேட்கவில்லை. உருகுவேக்காரர் ஏன் பெறுகிறார்கள் இல்லை என்று குரலை உயர்த்தி விசாரித்த நான், என் மகள் சொன்னபோது டெலிபோனைச் சறோவிடம் கொடுத்துவிட்டு வெளியில் போனேன்.

சறோ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, நல்ல தெளிவான இத்தாலியனில் சொன்னாள்.

"வரமாட்டார்கள். இந்தப் பிள்ளைதான் இருக்கிறாள். எழுதுங்கள்."

அவர் எழுதினார். போகும்போது என்னோடு கை குலுக்கினார், சறோவுக்குத் தலை வணங்கினார். வலேரியா சறோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சறோ அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "உலை கொதிக்குது, விடு பிள்ளை" என்றாள்.

அன்று பின்னேரம் மிதுலாவிடமிருந்து டெலிபோன் வந்தது. சறோ கதையோடு கதையாகச் சொன்னாள்.

"உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் இஞ்சை எடுக்கப்போறாங்கள் பிள்ளை. விஜிலே வந்தவன்."

"அது நல்லதாப் போச்சம்மா" என்றாள் மிதுலா. "நானே இத்தாலித் தூதரகத்துக்கு எழுதோணும் எண்டு எத்தினை நாளாச் சொல்லிக்கொண்டிருந்தனான். ஒரு வேலை மிச்சம்."

பெட்டையில் பிழையில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஒரு வேலை மிச்சம். சறோ "ஓம்" என்றாள், இரவு என்ன சமையல் என்று கேட்டாள், குளிருக்குக் காதை மூடச் சொன்னாள், வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "இனி அதை வலேரியாவின்ர அறை எண்டு சொல்லிப் பழகுங்கோ" என்றாள்.

சரி என்றேன். அவள் அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.